மருந்தை விட்டும் நீலமாகாத உப்பு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம் இது: “மாமியார் எப்போதும் கல் உப்புதான் வாங்குவார். படிவம் 1 படிக்கும் என் மகன், புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டை அந்த உப்பின் மேல் விட்டுப் பார்த்தான். நிறம் மாறவில்லை. அதே மருந்தை மரவள்ளிக்கிழங்கில் விட்டதும் கருநீலமாகிவிட்டது. ‘நம்ம உப்பில் அயோடின் இல்லை’ என்கிறான். எங்கள் உப்பு போலியா? மாமியாரின் அம்மாவுக்குத் தொண்டையில் கழலை இருந்ததாம், அதனால் பயமாக இருக்கிறது. செம்பனை முள் குத்திய காலுக்கு இதே மருந்தைப் போடலாமா?”

முதலில் உங்கள் மகனைப் பாராட்டுங்கள். சோதனையை அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். அது எதைக் காட்டும் சோதனை என்பதில்தான் தலைகீழாகிவிட்டது. அயோடினும் மாவுச்சத்தும் சேர்ந்தால் கருநீலம் வரும். மாவுச்சத்தின் மூலக்கூறு சுருள் கம்பிபோல் முறுக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்காருவதால் வரும் நிறம் அது. மருந்துப் புட்டியில் அயோடின் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே எதன் மேல் அதை விட்டாலும், அந்தப் பொருளில் மாவுச்சத்து உண்டா என்பதுதான் தெரியும். மரவள்ளியில் உண்டு, சோற்றில் உண்டு, உப்பில் கிடையாது. கிழங்கு கறுத்ததால் அதில் அயோடின் இருக்கிறது என்று ஆகாது. உப்பு மாறாததால் அது போலி என்றும் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. மருந்தில் உள்ள அயோடினும் உப்பில் உள்ள அயோடினும் ஒரே தனிமம்தான், ஆனால் ஒரே வடிவத்தில் இல்லை. தனி அயோடின் கருமையாக மினுமினுக்கும் படிகம். இலேசாகச் சூடு காட்டினால் ஊதா நிற ஆவி எழும். 1811-இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தை அளவுக்கு மேல் விட்டபோது எழுந்த ஊதா ஆவிதான் இந்தத் தனிமம் மனிதர் கண்ணில் பட்ட முதல் தடவை. ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. இப்படி ஆவியாகப் போகிற பொருளை உப்பில் நேரடியாகக் கலந்தால் நிற்காது. அதனால் பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மமாகக் கலக்கிறார்கள். நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் பொட்டாசியம் அயோடைடைவிட இதுவே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அயோடேட் மாவுச்சத்தோடு சேர்ந்தால் தானாக நீலம் தராது.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து எலுமிச்சைச் சாறு இரண்டே சொட்டு விடுங்கள். நீலம் படர்ந்தால் அயோடின் இருக்கிறது. படராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாறு கொஞ்சம் கூடினாலும் அதிலுள்ள வைட்டமின் சி நிறத்தை அழித்துவிடும். பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பதுதான் நம்பகமான வழி. ‘Garam Beriodin’ (அயோடின் கலந்த உப்பு) என்று மலாயில் அச்சிட்டிருக்கும். தீபகற்ப மலேசியாவில் 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து, 20 கிலோ வரையுள்ள உப்புப் பொட்டலங்களில் அயோடின் இருந்தே ஆக வேண்டும். கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் என்பது அளவு. பெரிய மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் உப்பு என்றால் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

“கடல் உப்புதானே, அதிலேயே அயோடின் இருக்காதா?” என்று உங்கள் மாமியார் கேட்கலாம். பலரும் கேட்பதுதான். கடல் நீரில் அயோடின் மிகக் குறைவு. அது காய்ந்து உப்பாகும்போது மிஞ்சுவது நம் தேவைக்குக் காணவே காணாது. கடற்பாசியும் மீனும் அதைத் தம் உடம்பில் சேர்த்து வைப்பதால்தான் மீன், நெத்திலி, முட்டை, பால் எல்லாம் நமக்கு உதவுகின்றன.

கல் உப்பு வாங்குவது தப்பில்லை, அதிலும் அயோடின் கலந்தது இருக்கிறது. எனக்குக் கவலை வேறு. அழுக்குப் போகட்டும் என்று கல் உப்பை அலசிவிட்டு ஜாடியில் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. என் அம்மாவும் லயத்து வீட்டில் அப்படித்தான் செய்தார். அயோடேட் கல் உப்பின் மேற்பரப்பில்தான் அதிகம் ஒட்டியிருக்கும், அலசினால் முதலில் போவது அதுதான். தயவுசெய்து அலசாதீர்கள். தூசி தெரிந்தால் நீரில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்நீரைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அயோடேட்டும் அதில் கரைந்திருக்கும். ஜாடியை மூடியே வைத்து, அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுங்கள். குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் இன்னும் நல்லது.

சரி, எவ்வளவு வேண்டும்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் கலந்த உப்பில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, இதைத் தந்துவிடும். ஒரு நாளுக்கு உப்பு அதற்கு மேல் போகக் கூடாது என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அயோடினுக்காக உப்பைக் கூட்டாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் தேவை 250 மைக்ரோகிராம். வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர இது அவசியம், ஆகவே அவர்கள் கிளினிக்கில் கேட்டு நடக்க வேண்டும்.

கழலைக்கு வருவோம். தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டுதான் தன் ஹார்மோனைச் செய்கிறது. அயோடின் கிடைக்காதபோது, கிடைப்பதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பெரிதாகிறது. அதுதான் கழலை. மரவள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. அதிலுள்ள சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறி, அயோடின் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அரிசியில்லாமல் மரவள்ளியே சாப்பாடாக இருந்த தோட்டங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மீனோடு எப்போதாவது சாப்பிடுகிறவர்களுக்குப் பயமில்லை. பாட்டிக்கு இருந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் யார் கழுத்திலாவது வீக்கம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக அயோடின் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். கூடினாலும் சுரப்பி கெடும். புண் மருந்தை ஒரு சொட்டுகூடக் குடிக்கவோ உப்பில் கலக்கவோ கூடாது.

முள் குத்திய காலுக்கு அந்த மருந்தைத் தாராளமாகப் போடலாம். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரஸ்ஸர் தடவிய டிங்சர் அயோடின் எரித்ததற்கு முக்கியக் காரணம் அதிலிருந்த சாராயம். இப்போதைய போவிடோன் அயோடினில் ஒரு பெரிய மூலக்கூறு அயோடினைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் எரிச்சல் குறைவு. முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும், முள் முனை உள்ளே இருந்தால் அதை எடுப்பது, அப்புறம்தான் மருந்து. தடவிய உடனே துடைக்காமல் காயவிடுங்கள். ஆழமாகக் குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். தைராய்டு நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். பச்சைக் குழந்தைக்கும் அப்படியே.

மருந்து கஞ்சி போட்ட வேட்டியில் சொட்டினால் நீலக்கறை விழும். பதறாமல் ஒரு வைட்டமின் சி மாத்திரையை நீரில் கரைத்துத் தேயுங்கள், நிறம் போய்விடும். மகனையே செய்யச் சொல்லுங்கள். கிழங்கில் நீலத்தை வரவழைத்தவன் அதை மறைய வைப்பதையும் பார்க்கட்டும்.