புதிதாக நிறுவிய ஸ்கைரிமில் 150 மோட்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனைக் கணினியில் விளையாடுகிறேன். மோட்கள் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் சேர்க்கைகள்) சேரச் சேர, விளையாட்டு பாதியில் நின்றுபோவது வழக்கமாகிவிட்டது. அதனால் ஸ்டீமில் நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறேன். இம்முறை 150 மோட்களாவது போட ஆசை. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடலாமா?

பதில்: 150 என்பது ஸ்கைரிம் தாங்கக்கூடிய எண்ணிக்கைதான். ஒரே மூச்சில் போடுவதுதான் ஆபத்து. அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: நீங்கள் நிறுவியிருப்பது உண்மையிலேயே புதியதுதானா?

ஸ்டீம் ஒரு விளையாட்டை நீக்கும்போது, தான் கொண்டுவந்த கோப்புகளைத்தான் எடுத்துப் போகும். மோட்கள் போட்டுவைத்த கோப்புகள் 'டேட்டா' ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். மறுபடி நிறுவினால் புதிய விளையாட்டு அந்தப் பழைய குப்பையின் மேல்தான் வந்து உட்காரும். ஸ்டீமில் உள்ள கோப்புச் சரிபார்ப்பும் உபரிக் கோப்புகளைத் தொடாது. எனவே இன்னொரு முறை நீக்குங்கள். மிஞ்சியிருக்கும் ஃபோல்டரை நீங்களே கையால் அழித்துவிட்டு, பிறகு நிறுவுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' வேண்டாம். அங்கே விண்டோஸின் அனுமதிக் கட்டுப்பாடு மோட் கருவிகளுக்கு ஓயாமல் குறுக்கே வரும். வேறு டிரைவில் ஒரு ஸ்டீம் லைப்ரரி திறந்து அதில் வையுங்கள். 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் 'மை கேம்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் பழைய ஐஎன்ஐ அமைப்புக் கோப்புகளும் ஆட்டச் சேமிப்புகளும் இருக்கும். இரண்டையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, எந்த மோடும் இல்லாமல் விளையாட்டை ஒருமுறை திறந்து மூடுங்கள். புதிய அமைப்புக் கோப்புகள் தாமாக உருவாகிவிடும்.

மோட்களைக் கையால் டேட்டா ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மோட்களை நிர்வகிக்கும் கருவி ஒன்று வேண்டும்; மோட் ஆர்கனைசர் 2, வோர்டெக்ஸ் இரண்டில் எதுவானாலும் சரி. என் தேர்வு முதலாவது. அது ஒவ்வொரு மோடையும் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் எல்லாம் டேட்டாவில் இருப்பதுபோல் காட்டுகிறது. விளையாட்டின் டேட்டா ஃபோல்டர் மோட்களால் அழுக்காவதில்லை.

அடுத்து எஸ்கேஎஸ்இ, அதாவது மோட்களுக்குக் கூடுதல் ஸ்கிரிப்ட் வசதிகளைத் தரும் நிரல். பெரிய மோட்களில் பல இதை நம்பியே நிற்கின்றன. விளையாட்டின் பதிப்பு எண்ணும் இதன் பதிப்பும் பொருந்தியே ஆகவேண்டும். 1.5.97க்கான எஸ்கேஎஸ்இ 1.6.1170இல் ஓடாது. விளையாட்டின் இயங்கு கோப்பை வலது சொடுக்கினால், அதன் விவரப் பகுதியில் பதிப்பு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு பதிவிறக்குங்கள். ஸ்டீமில் 'விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பி' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இனி எப்போதும் மோட் ஆர்கனைசரிலிருந்து எஸ்கேஎஸ்இ வழியாகவே விளையாட்டைத் திறங்கள். இல்லையென்றால் ஒரு நள்ளிரவுப் புதுப்பிப்பு உங்கள் ஒரு வார உழைப்பை முடக்கிவிடும்.

இனி மோட்கள். அஸ்திவாரமாக எஸ்கேஎஸ்இ, எஸ்கேஎஸ்இ சார்ந்த மோட்கள் பல கேட்கும் அட்ரஸ் லைப்ரரி, விளையாட்டின் பிழைகளைத் திருத்தும் அதிகாரபூர்வமற்ற ஸ்கைரிம் பேட்ச், மெனுக்களை மேம்படுத்தும் ஸ்கைஊஐ, விளையாட்டு நின்றுபோனால் விவரங்களைப் பதிவுசெய்யும் ஒரு கிராஷ் லாகர். இந்த ஐந்தோடு விளையாட்டு தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அதன்பின் பத்துப் பத்தாகப் போடுங்கள்: முதலில் தோற்றம் மாற்றுபவை, பிறகு கதாபாத்திரங்கள், பிறகு சண்டை, மந்திரம் போன்ற விதிகள், அதன்பின் ஊர்களையும் நிலத்தையும் மாற்றுபவை, கடைசியில் இவற்றை ஒன்றோடொன்று இணக்கும் பேட்ச்கள். ஒவ்வொரு பத்துக்கும் பிறகு முதன்மை மெனுவிலேயே கன்சோலை (கட்டளை தட்டும் பெட்டியை) திறந்து, 'சிஓசி' கட்டளையோடு ரிவர்வுட் பெயரைத் தட்டினால் நேரே அந்த ஊருக்குள் போய் நிற்பீர்கள். ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். இது சோதனைக்கு மட்டும். உண்மையான ஆட்டத்தை இப்படித் தொடங்கினால் தொடக்கக் கதை கெடும்.

பத்து மோட் போட்டபின் நின்றுபோனால் சந்தேகத்துக்குரியவை பத்துதான். 150 போட்டபின் நின்றால் எங்கே தேடுவீர்கள்? அறிகுறிகளும் பேசும். மெனு வருவதற்கு முன்பே மூடிக்கொண்டால், பெரும்பாலும் ஒரு மோட் கேட்கும் மூலக் கோப்பு இல்லை என்று பொருள். ஊதா நிறப் பரப்பு தெரிந்தால் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படக் கோப்பு) காணவில்லை. ஆச்சரியக்குறியோடு சிவப்புச் சின்னம் நின்றால் வடிவக் கோப்பு காணவில்லை.

அதிகம் பேரைக் குழப்பும் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். விளையாட்டில் வரும் வைட்ரன் நகரச் சந்தையில் காய்கறி விற்கும் கார்லாட்டாவின் உடல் சரியாக இருக்கிறது. முகம் மட்டும் கரி பூசியதுபோல் கறுத்திருக்கிறது. காரணம் இதுதான்: அவரை இரண்டு மோட்கள் மாற்றியிருக்கின்றன. அவர் யார், எப்படி இருப்பார் என்ற தகவல் ஒரு மோடின் பிளக்இன்னிலிருந்து (விளையாட்டின் தகவல்களை மாற்றும் கோப்பிலிருந்து) வருகிறது; முகக் கோப்பு இன்னொரு மோடிலிருந்து வருகிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது முகம் கறுக்கிறது. இதை நீக்க, மோட் ஆர்கனைசரின் இடப்பக்கப் பட்டியலிலும் வலப்பக்கப் பட்டியலிலும் ஒரே மோட் மேலோங்கும்படி வரிசையை மாற்றவேண்டும். இடப்பக்கம் கோப்புகளின் வரிசை, வலப்பக்கம் பிளக்இன்களின் வரிசை. இரண்டும் வேறு வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் பாதிச் சிக்கல்கள் விலகிவிடும்.

'லூட்' கருவி பிளக்இன்களை வரிசைப்படுத்தும், மோதலைத் தீர்க்காது. எந்த மோட் எந்த மோடின் மாற்றத்தை அழிக்கிறது என்று பார்க்க எஸ்எஸ்இஎடிட் என்ற கருவி வேண்டும். எண்ணிக்கை வரம்பு பற்றிக் கவலை வேண்டாம்: முழு பிளக்இன்கள் 254 வரை, அந்த வரம்பில் சேராத இலகு பிளக்இன்கள் 4096 வரை போகலாம்.

கடைசியாக, பட்டியல் முடிந்தபின்தான் உண்மையான ஆட்டத்தைத் தொடங்குங்கள். பழைய சேமிப்பைத் தொடராதீர்கள். ஸ்கிரிப்ட் உள்ள மோட்கள் தங்கள் தடங்களைச் சேமிப்புக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. நடுவில் அந்த மோடை எடுத்தாலும் தடம் போகாது. அறுபது மணி நேர ஆட்டம் ஒன்றை நான் இப்படித்தான் இழந்தேன்: ஒரு சிறிய மோடை நீக்கினேன், இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை, மூன்றாம் நாள் எந்தச் சேமிப்பும் திறக்கவில்லை. பிடிக்காத மோட் ஒன்று நடுவில் கண்ணில் பட்டால், முடிந்தவரை அதன் அமைப்பு மெனுவிலேயே அணைத்துவையுங்கள். நீக்கியே ஆகவேண்டுமென்றால், அதைப் போடுவதற்கு முன்பிருந்த சேமிப்புக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து விளையாடுங்கள்.