“கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார்கள், அக்கா”

கேள்வி: அக்கா, எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். அப்பா போன வருடம் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். அவர் பெயரில் வீடும் 60 சென்ட் ரப்பர் தோட்டமும் இருக்கின்றன. அண்ணன்கள் இருவரும், என் பங்கை நான் விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு, “உனக்குத்தான் கல்யாணத்தில் எல்லாம் செய்தாயிற்றே, கையெழுத்துப் போடு” என்கிறார்கள். அம்மா எதுவும் பேசுவதில்லை. சபையில் ஊழியம் செய்கிற ஓர் அம்மாவிடம் ஜெபிக்கச் சொன்னேன். “சூனேமியாளைப் பார், தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாளே! சொத்துக்கு நிற்கிறவள் விசுவாசியா?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் பேராசைக்காரியா?
- வாசகி, குமரி மாவட்டம்

பதில்: தங்கச்சி, அந்த அம்மா 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. சூனேமியாளின் கதை அங்கே முடியவில்லை.

அவர் சொன்னதும் பொய்யில்லை. சூனேம் ஊரில் வசதியான குடும்பம் அவளுடையது. வழியே போகிற எலிசா தீர்க்கதரிசிக்குச் சாப்பாடு போட்டு, அப்புறம் புருஷனிடம் சொல்லி மாடியில் ஒரு சின்ன அறையே கட்டினாள். கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு என்று பார்த்துப் பார்த்துப் போட்டுவைத்தாள். இதற்கெல்லாம் கைமாறாக, “ராஜாவிடமோ சேனாபதியிடமோ உனக்காகப் பேசவேண்டியது ஏதாவது உண்டா?” என்று எலிசா கேட்டபோது அவள் சொன்ன பதிலைத்தான் உனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்: என் ஜனத்தின் நடுவே நான் சுகமாய்க் குடியிருக்கிறேன். அன்றைக்கு அது உண்மை. வீடு இருந்தது, வயல் இருந்தது, சொந்தபந்தம் சுற்றி இருந்தது. எதுவும் கைவிட்டுப் போகாதபோது வேண்டாம் என்று சொன்னாள்.

இப்போது 8ஆம் அதிகாரத்துக்கு வா. ஏழு வருடம் பஞ்சம் வரப்போகிறது, வீட்டாரோடு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று எலிசாவே சொல்லி அனுப்புகிறார். பெலிஸ்தர் தேசத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். வீடும் வயலும் அவள் கையில் இல்லை. யார் பிடித்துக்கொண்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை. பக்கத்து வயல்காரராகவோ உறவுக்காரராகவோ இருக்கலாம் என்பது என் ஊகம்; ஊர் உலகத்தில் அப்படித்தானே நடக்கிறது? வேண்டாம் என்று சொன்ன அதே பெண் என்ன செய்கிறாள் தெரியுமா? நேரே ராஜாவிடம் போய், தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் முறையிடுகிறாள். ‘ராஜாவிடம் பேசட்டுமா’ என்று அன்று கேட்ட எலிசா அந்த இடத்தில் இல்லை. புருஷனைப் பற்றியும் பேச்சில்லை, முன்பே வயதானவர். அவளும் மகனும்தான் நிற்கிறார்கள். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி அந்த நேரம் ராஜாவிடம், செத்துப்போய் எலிசாவால் உயிர் பெற்ற அவள் மகனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான். அது தேவன் ஒழுங்குசெய்தது. ஆனால் அவள் படியேறிப் போனதால்தான் அந்த ஒழுங்கு அவளுக்குப் பலித்தது.

ராஜாவின் தீர்ப்பைக் கவனி. ஒரு பிரதானியை அவளோடு அனுப்பி, அவளுக்கு உரியதெல்லாம் திரும்பக் கிடைக்கச் செய்யச் சொல்கிறான். நிலம் மட்டுமில்லை, அவள் ஊரைவிட்டுப் போன நாள் முதல் அந்த வயலில் விளைந்த வருமானமும் சேர்த்து. உங்கள் தோட்டத்தில் ஒரு வருடமாகப் பால் வெட்டுகிற காசு யார் கணக்கில் போகிறது என்று யாராவது உன்னிடம் சொன்னார்களா?

இந்த இடத்தில் பலரும், மோசேயிடம் போய் அப்பாவின் பங்கைக் கேட்டு வாங்கிய செலொப்பியாத்தின் மகள்களைக் காட்டுவார்கள். நான் காட்டமாட்டேன். அவர்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது, உன் வழக்கு வேறு.

“கல்யாணத்தில் செய்தாயிற்று” என்கிற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியவேண்டும். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி. அங்கே கிறிஸ்தவர்களுக்கு 1916இல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. அந்தச் சட்டம் 1951லேயே போய்விட்டது என்று மேரி ராய் என்கிற பெண் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. உன் அண்ணன்கள் இன்னும் தாத்தா காலத்துச் சட்டத்தைத்தான் பேசுகிறார்கள். இப்போது உங்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வித்தியாசமில்லை. ஒன்பது கூறு போட்டால் அம்மாவுக்கு மூன்று, உங்கள் மூவருக்கும் இரண்டிரண்டு. சீதனத்தை இதில் கழிக்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லை.

“சகோதரனோடு சகோதரன் வழக்காடலாமா” என்று 1 கொரிந்தியர் 6ஐ அடுத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும். அதே இடத்தில் பவுல், சகோதரருக்குள்ளே தீர்த்துவைக்க விவேகமுள்ளவன் ஒருவன்கூட உங்களில் இல்லையா என்று கேட்கிறார். முதலில் அதைச் செய். போதகரையும் இரண்டு மூப்பரையும் வைத்துப் பேசு. அநியாயத்தைச் சகித்துக்கொள் என்கிற 7ஆம் வசனத்தை உனக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள், நீங்களே சகோதரருக்கு அநியாயம் செய்கிறீர்களே என்கிற 8ஆம் வசனத்தை உன் அண்ணன்களுக்கும் வாசிக்கட்டும்.

உன் பங்கை அண்ணனுக்கோ அம்மாவுக்கோ விட்டுக்கொடுக்க உனக்கே மனம் இருந்தால், கொடு. நான் தடுக்கவில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டும். “விசுவாசி இல்லை” என்ற சொல்லுக்குப் பயந்து போடுகிற கையெழுத்து தானம் ஆகாது. பதிவாகிவிட்டால் மாற்றுவதும் லேசில்லை.

அதனால் பத்திரத்தின் நகலை மட்டும் வாங்கி, அண்ணன்களுக்கு வேண்டியவராக இல்லாத, உனக்கும் சொந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்டு. வாரிசுச் சான்றிதழில் உன் பெயர் இருக்கிறதா என்று பார். இதற்கெல்லாம் முன்னால் அம்மாவிடம் தனியாகப் பேசு. அவர் பேசாமல் இருப்பதற்கு, எந்த மகன் வீட்டில் கடைசிவரை இருப்பது என்ற பயம்கூடக் காரணமாக இருக்கலாம். தனக்கு மூன்று கூறு உண்டு என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்ன?

அந்த ஊழியக்கார அம்மாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், 8ஆம் அதிகாரம் வாசித்தீர்களா என்று கேள். மரியாதையாகவே கேள்.