எண் இல்லாத வெள்ளி

அன்புள்ள சார்,

பாரிஸில் பழைய நாணயக் கடை ஒன்றில் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் எக்யு என்ற வெள்ளிக் காசை வாங்கினேன். 1729ஆம் வருடத்தது. லில்லிப் பூக்கள் போட்ட கேடயத்தின் மேல் வரிவரியாகக் கீறல்கள். என்ன மதிப்பு என்று எங்குமே போடவில்லை. போலியாக இருக்குமோ? கறுத்திருந்ததால் புளி போட்டுத் தேய்த்தேன், இப்போது பளபளக்கிறது. தப்பியோடிய பதினாறாம் லூயியைக் காசில் இருந்த முகத்தை வைத்துத்தான் பிடித்தார்களாமே?

க.

அன்புள்ள க.,

புளியா? ஏறக்குறைய முந்நூறு வருடமாக வெள்ளியில் ஏறியிருந்த கருமையைக் கேட்க ஆளில்லாமல் துடைத்துவிட்டீர்கள். இனி எந்தப் பழங்காசையும் தேய்க்காதீர்கள். லூயி பிடிபட்ட கதையை விடுங்கள், அதை எல்லோரும் சொல்கிறார்கள். கீறல், அரம் போட்ட தடமாக இருக்கலாம். எடை கூடிய வில்லையை ராவிவிட்டுத்தான் அச்சடித்தார்கள்.

ஆனால் மதிப்பைத் தேடினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைப் பிடித்துப்போனது. சில நாளாக எனக்கும் அதே நினைப்புதான். சம்பளம், கடன், வரி எல்லாம் லீவ்ர் என்ற பண அலகின் கணக்கில். கையில் புழங்கியது எக்யு. ஒரு எக்யுவுக்கு எத்தனை லீவ்ர் என்பது அரசர் வாயில் இருந்தது! காசில் எண் இருந்தால் அவர் மாற்ற முடியுமா?

1689 டிசம்பரில் பதினான்காம் லூயி போருக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளை உருக்கக் கொடுத்தார். அதைத் தியாகம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதே மாதம் ஊரார் காசையெல்லாம் காசு அடிக்கும் அக்கசாலைக்கு வரவழைத்தார். உருக்கக்கூட இல்லை, பழைய காசின் மேலேயே புது அச்சைக் குத்தி, கூடுதல் விலை சொல்லி வெளியே விட்டார்கள். வித்தியாசம் கஜானாவுக்கு. சில காசுகளில் அடியில் பழைய அச்சு இன்னும் தெரிகிறது. அப்புறமும் இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். 1720இல் அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜான் லா இன்னும் மேலே போனார்: 500 லீவ்ருக்கு மேல் காசு வைத்திருப்பதே குற்றம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1641இல் எக்யு 27 கிராம், 3 லீவ்ர். 1726இல் 29 கிராம் சொச்சம், 6 லீவ்ர். ஒரு லீவ்ருக்குரிய வெள்ளிக் காசின் எடை ஒன்பது கிராமிலிருந்து ஏறக்குறைய ஐந்துக்கு வந்துவிட்டது. லீவ்ரில் கூலி வாங்கியவனிடம் யாராவது கேட்டார்களா?

1726க்குப் பிறகு புரட்சிவரை அந்த ஆறு அப்படியே நின்றது. உங்களுடையது அந்த ஆறு லீவ்ர் காசு. போலியா என்று பார்க்க முதலில் எடை போடுங்கள். விளிம்பில் 'ஆண்டவரே, அரசரைக் காத்தருளும்' என்று லத்தீனில் எழுத்து ஓடும். இரண்டும் சரியாக இருந்தால் நேரில் ஒரு நாணயக்காரரிடம் காட்டுங்கள்.