காலநிலை மாற்றத்தை ஏற்பவர்களே 'உலகம் அழியப்போகிறது' என்ற பேச்சை ஏன் சந்தேகிக்கிறார்கள்?

பூமி சூடாவதை ஒப்புக்கொண்டு, மிகைப்படுத்திய பீதியை மட்டும் ஏற்க மறுப்பதுதான் இந்தச் சந்தேகம். வெப்ப உயர்வு 1.5 டிகிரியைத் தாண்டாமலிருக்க, கரியமில வாயு வெளியேற்றம் 2010-ஐ விட 2030-க்குள் சுமார் 45% குறைய வேண்டும் என்று 2018-இல் ஐ.நா. காலநிலைக் குழு சொன்னது. மேடைகளில் அது 'உலகம் அழிய இன்னும் 12 ஆண்டுதான்' என்று மாறிப்போனது. சர்க்கரையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னதை, நாள் குறித்துவிட்டார் என்று உறவினர் பரப்புவதைப் போல.

அப்புறம் அரசியல். 2019-இல் அமெரிக்காவில் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வந்த 'பசுமைப் புது ஒப்பந்தம்' (Green New Deal) என்ற நாடாளுமன்றத் தீர்மானத்தில் வேலை உத்தரவாதம், மருத்துவ வசதி எல்லாம் சேர்ந்திருந்தன. காலநிலை பெயரில் வேறு கொள்கைகள் நுழைகின்றனவா என்று கேட்பது நியாயமே.

இதை அறிவியல் மறுப்பு என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மனிதர்களால் பூமி 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டதையே மறுப்பவர்கள் வேறு ரகம்.