ஐந்து லிட்டர் வி8, ஏறும் பெட்ரோல் விலை: வண்டியை விற்றுவிடலாமா?

கேள்வி: சார், எனக்கு வயது 36. கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக மாதம் 2.4 லட்சம் கைக்கு வருகிறது. கல்லூரி நாளிலிருந்தே ஆசைப்பட்ட ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யை (2018 மாடல், ஐந்து லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின்) இரண்டு வருடங்களுக்கு முன் 48 லட்சத்துக்கு வாங்கினேன். சேமிப்பிலிருந்து 18 லட்சம் போட்டு, மீதி 30 லட்சத்துக்கு 12% வட்டியில் ஐந்து வருடக் கடன். மாதம் சுமார் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், சராசரியாக லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோல் இன்னும் பத்து ரூபாய் ஏறும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பழைய கார் டீலர், "இந்த வண்டிக்கு இனிமேல் ஆளே கிடைக்காது சார், இப்பவே கொடுத்துடுங்க" என்று 38 லட்சம் தருவதாகச் சொல்கிறார். விற்றுவிட்டு 25 லட்சத்தில் எலெக்ட்ரிக் கார் வாங்கிக்கொள்ளலாமா? வீட்டில் மனைவி ஓட்ட ஒரு பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. நான்கு வயதில் ஒரு மகள். அவசரத்துக்குக் கையில் இருப்பது 1.5 லட்சம். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.யைச் சில மாதங்களாக நிறுத்தி வைத்திருக்கிறேன். போன மாதம் டயர் மாற்றிய 1.4 லட்சம் கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ.யாக ஓடுகிறது.

பதில்: ஆசைப்பட்டதை உழைத்து வாங்கியிருக்கிறீர்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. டீலருக்கு உடனே பதில் சொல்ல வேண்டாம், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மாதம் 600 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11,000 ரூபாய். விலை பத்து ரூபாய் ஏறினால் மாதம் 1,000 ரூபாய் கூடும். முப்பது ரூபாய் ஏறினாலும் 3,000 தான். மாதம் 66,700 ரூபாய் இ.எம்.ஐ. கட்டுகிறவர் இந்தத் தொகைக்காகவா வண்டியை விற்க வேண்டும்?

பெட்ரோல் மட்டும் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அது கண்ணெதிரே நடக்கிறது. பங்க்கில் "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று பையன் சொன்ன நொடியிலிருந்து, உங்கள் டேங்க் நிரம்பி மீட்டர் ஆறாயிரத்தைத் தாண்டும் வரை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இ.எம்.ஐ. ஐந்தாம் தேதி காலையில் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து போய்விடுகிறது. தேய்மானத்துக்கு ஒரு குறுஞ்செய்திகூட வருவதில்லை.

அந்தச் சத்தமில்லாத செலவுகளையும் சேர்த்துப் பார்ப்போம். 48 லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு இன்று 38 லட்சம்தான் என்றால், 24 மாதங்களில் 10 லட்சம் தேய்ந்திருக்கிறது. அதாவது மாதம் சுமார் 41,700. இதுவரை கட்டிய 16 லட்சம் இ.எம்.ஐ.யில் வட்டியாகப் போனது ஏறக்குறைய 6.1 லட்சம், மாதத்துக்கு 25,500. இன்சூரன்ஸுக்கு வருடம் 1.1 லட்சம், டயர், சர்வீஸுக்கு வருடம் 1 லட்சம் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து மாதம் 17,500. அப்புறம் பெட்ரோல் 11,000. மொத்தம் 95,000 ரூபாயைத் தாண்டுகிறது. கிலோமீட்டருக்கு வகுத்தால் சுமார் 160 ரூபாய். அதில் பெட்ரோலின் பங்கு 18 ரூபாய்.

வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதை மீதி 142 ரூபாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்கிறார்கள். பழைய வகை பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் 20% எத்தனால் கலந்தால் மைலேஜ் 6 முதல் 7% வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. உங்கள் கணக்கில் அது மாதம் ஏழு லிட்டர் போல, சுமார் 800 ரூபாய். இதுவும் முடிவை மாற்றும் தொகை இல்லை.

அடுத்தது டீலரின் அவசரம். பெட்ரோல் விலை ஏறும் வாரத்தில் பெரிய இன்ஜின் வண்டியை விற்பதைப் போல நஷ்டமான காரியம் வேறில்லை. 2008 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, அங்கே மக்கள் பெரிய எஸ்.யூ.வி.களையும் பிக்கப்களையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுச் சின்ன கார்களுக்கு மாறினார்கள். அதே வருடம் டிசம்பரில் பெட்ரோல் 2 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அவசரத்தில் விற்றவர்களுக்கு வண்டி விலையில் போனது திரும்பவில்லை. நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2022 மார்ச் 22-இல் தொடங்கி இரண்டே வாரத்தில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறி, சென்னையில் பெட்ரோல் 110.85-ஐத் தொட்டது. மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததும் 102.63-க்கு இறங்கியது. இனியும் அப்படியே இறங்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் விலை ஏற்றம் செய்தியாக ஓடும் நாட்களில் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும் என்பது டீலருக்கு நன்றாகத் தெரியும்.

எலெக்ட்ரிக் கார் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நல்ல வண்டிகள் வந்திருக்கின்றன, தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓடுபவர் கேட்டால் நானே வாங்கச் சொல்வேன். நீங்கள் மாதத்துக்கே 600 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள். மின்சாரச் செலவைக் கழித்தால் வருடம் 1.2 லட்சம் மிச்சமாகலாம். இன்சூரன்ஸ் கணக்குப்படியே ஒரு புது வண்டியின் மதிப்பை முதல் வருடம் முடிந்ததும் 20% குறைத்துத்தான் போடுகிறார்கள். 25 லட்சத்தில் அது 5 லட்சம். பெட்ரோலில் 1.2 லட்சம் மிச்சம் பிடிக்க, தேய்மானத்தில் 5 லட்சம் விடுவதா? போதாததற்கு இன்னொரு கடன் வேறு.

சரி, அப்படியானால் மஸ்டாங்கை வைத்துக்கொள்ளலாமா? என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: விற்றுவிடுங்கள். ஆனால் அதற்குக் காரணம் பெட்ரோல் இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள்தான் காரணம். அவசர நிதி 1.5 லட்சம், நிறுத்திய எஸ்.ஐ.பி., கார்டில் போட்ட டயர்.

குறிப்பாக அந்த டயர். பின் சக்கரத்தில் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க் (சுழற்றும் விசை) இறங்கும் வண்டியில் பின் டயர்கள் சீக்கிரம் தேயத்தான் செய்யும். வாங்கும் நாளிலேயே தெரிந்த செலவு அது. தெரிந்த செலவுக்கே கார்டைத் தேய்க்க வேண்டியிருந்தால், தெரியாத செலவு வரும்போது என்ன செய்வீர்கள்? இந்த வண்டி இந்தியாவில் தயாரானது இல்லை, முழுதாக இறக்குமதியாகி வந்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் கிடைக்கிறது என்றாலும், கியர்பாக்ஸிலோ எலெக்ட்ரானிக்ஸிலோ பெரிதாக ஏதாவது வந்தால் பாகம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். பில் லட்சங்களில் வரும். அதே மாதம் வேலையிலும் ஏதாவது சிக்கல் என்றால், 1.5 லட்சம் உங்கள் குடும்பத்தை மூன்று வாரம்கூடத் தாங்காது. நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

விற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். 24 தவணைகள் கட்டியிருக்கிறீர்கள், இன்னும் அசல் சுமார் 20.1 லட்சம் பாக்கி. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் 4% என்று வைத்தால், ஜி.எஸ்.டி.யோடு 95,000 ரூபாய் வரும். உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீலர் சொன்ன 38 லட்சத்துக்கே விற்றாலும் கையில் 17 லட்சம் நிற்கும். முதலில் கார்டு கடனை மொத்தமாக அடைத்துவிடுங்கள். இ.எம்.ஐ. போன பிறகு வீட்டுச் செலவு மாதம் 1.15 லட்சம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 7 லட்சம் வேண்டும். இருப்பதோடு 5.5 லட்சம் சேர்த்து, வங்கி டெபாசிட்டிலும், சீக்கிரம் பணத்தை எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலும் பிரித்துப் போடுங்கள். மீதி 10 லட்சம் அப்படியே இருக்கட்டும்.

இனி முக்கியமான இடம். இப்போது கட்டும் 66,700 ரூபாயை மாதாமாதம் உங்களுக்கே கட்டிக்கொள்ளுங்கள். மீதமுள்ள 36 மாதங்களும் கட்டினால், வட்டியைக் கணக்கில் எடுக்காமலே 24 லட்சம் சேரும். அந்தப் 10 லட்சத்தையும் கூட்டினால் 34 லட்சம். மூன்று வருடத்தில் தேவைப்படும் பணம் என்பதால் ஷேர் பக்கம் போக வேண்டாம், ரெக்கரிங் டெபாசிட், குறுகிய காலக் கடன் பத்திர ஃபண்டுகள் போதும். 39 வயதில், கடனே இல்லாமல், இதே ரகத்தில் ஒரு வண்டியை ரொக்கத்துக்கு வாங்கும் நிலையில் இருப்பீர்கள். வண்டிக்காக மாதம் தனியாகப் போய்க்கொண்டிருந்த பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர் பணம் 28,500 இருக்கிறதே, அதில் எஸ்.ஐ.பி.யை மறுபடி தொடங்குங்கள். அலுவலகக் காப்பீட்டை மட்டும் நம்பாமல் குடும்பத்துக்கென்று தனி மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

மனசு கேட்கவில்லை, வண்டி இருந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஆறு மாதக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போனஸையும் போட்டுக் கார்டு கடன் முடிந்து, அவசர நிதி 5 லட்சத்தையாவது தொட்டு, வண்டிக்கென்று தனிக் கணக்கில் மாதம் 20,000 விழ ஆரம்பித்திருந்தால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன். பெட்ரோல் 130 ஆனாலும் ஓட்டலாம். இந்த மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் விற்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தின் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு கிடையாது. டிராக்கில் இடித்தால் முழுச் செலவும் உங்கள் பையிலிருந்துதான்.

விற்பது என்று முடிவெடுத்தால் இரண்டு மூன்று மாதம் நிதானமாக விற்றுப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிக்கு விலை கொடுப்பவர், மைலேஜ் கேட்காமல் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்பவர்தான். கோவை, பெங்களூரு, கொச்சியில் கார் பிரியர்களின் வட்டங்களில் நேரடியாகச் சொல்லி வையுங்கள். சர்வீஸ் பில்கள், இரண்டு சாவிகள், புது டயருக்கான ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். டீலரின் 38 லட்சத்தை அடிமட்டமாக வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

கடனை முடித்ததும் வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி. புத்தகத்திலிருந்து ஹைப்போதிகேஷனை, அதாவது வண்டி கடனுக்கு அடமானம் என்ற பதிவை நீக்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸுக்கான (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தள்ளுபடி வண்டியோடு போகாது, உங்கள் பெயரில் இருக்கும். மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டி வாங்கினால் அதில் கழித்துக்கொள்ளலாம்.