உப்பை ஜாடியில் குறைக்காதீர்கள், தட்டில் குறையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊறுகாயை அறவே விட்டுவிடச் சொல்கிறார்கள். ஆனால் ஊறுகாய் போடுவதும் சாப்பிடுவதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் இந்த முறை எலுமிச்சை, பூண்டு இரண்டுக்கும் பாதி உப்புதான் போட்டேன். எலுமிச்சை ஊறுகாயில் மேலே பூஞ்சை பூத்துவிட்டது. எண்ணெயில் ஊறும் பூண்டு நன்றாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை. பூஞ்சையை வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? இனிமேல் பொட்டாசியம் கலந்த உப்பைப் போடலாமா?

பதில்: முதலில் அந்த எலுமிச்சை ஊறுகாயை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். மேலே தெரியும் பூஞ்சையை வழித்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சில வகைப் பூஞ்சைகள் நச்சையும் சுரக்கும். அதோடு, பூஞ்சை வளர வளர ஊறுகாயில் இருக்கும் அமிலத்தைத் தின்று குறைத்துவிடும். அப்புறம் மற்ற கிருமிகளும் வளரலாம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நன்றாக இருப்பதாக நீங்கள் சொல்லும் பூண்டுதான். அதையும் கொட்டிவிடுங்கள். எலுமிச்சையில் புளிப்பு இயல்பாகவே அதிகம். பூண்டில் அது கிடையாது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பூண்டில் ஒட்டிக்கொண்டு வரலாம். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலோ எண்ணெயில் வதக்கினாலோ அவை சாவதில்லை. காற்றுப் புகாத இடம்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். எண்ணெய்க்கு அடியில், போதிய உப்பும் புளிப்பும் இல்லாமல், அறை வெப்பத்தில் கிடக்கும் பூண்டு அப்படிப்பட்ட இடம். அங்கே உருவாகும் நச்சு நிறத்தையோ மணத்தையோ மாற்ற வேண்டும் என்பதில்லை. மோந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த நச்சால் வருவது அடிக்கடி வரும் நோயல்ல, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே அதைச் சாப்பிட்டிருந்தால் சில நாட்கள் கவனமாக இருங்கள். இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எண்ணெயில் ஊறிய பூண்டு சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

ஊறுகாய்க்கு உப்பு ருசிக்கு மட்டும் போடுவதல்ல. காயிலிருக்கும் நீரை இழுத்து, கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்வது அதுதான். மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்குமே தவிர, எதையும் கொல்லாது. அமிலத்தின் பங்கும் பெரிது: புளிப்பை அளக்கும் எண்ணான பி.எச். (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் நான் சொன்ன பாக்டீரியா வளர முடியாது. அதனால் பூண்டு, பச்சை மிளகாய், கேரட் போன்ற புளிப்பில்லாத காய்களை 5 சதவீத அமிலமுள்ள வினிகரில் மூழ்கப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வினிகரில் தண்ணீரை இஷ்டத்துக்குக் கலக்க வேண்டாம்.

சரி, ரத்த அழுத்தத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு கிலோ எலுமிச்சைக்கு 150 கிராம் உப்பு போட்டால், எண்ணெயும் தூளும் சேர்ந்து முடிவில் சுமார் 1,300 கிராம் ஊறுகாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கிராம் ஊறுகாய் எடுத்தால் உப்பு ஏறக்குறைய அரை கிராம்தான். அதையே பெரிய கரண்டியால் 20 கிராம் அள்ளி, இரண்டு வேளையும் சாப்பிட்டால் ஊறுகாயிலிருந்து மட்டுமே நாலரை கிராமுக்கு மேல் போய்விடும்! ஆகவே ஜாடியில் முழு உப்பும் இருக்கட்டும். உங்கள் தட்டில் ஒரு சின்னத் துண்டு, நாளுக்கு ஒரு வேளை, அதுவும் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்போது மட்டும். அந்த வேளையில் மற்ற பதார்த்தங்களில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதய பலவீனமோ சிறுநீரக நோயோ இருந்தால் இந்த அளவும் பொருந்தாது. உங்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

ஜாடி கண்ணாடியாக இருக்கட்டும். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் புளிப்பில் கரையும். பழைய பீங்கான் ஜாடிகளின் மெருகில் ஈயம் இருக்கலாம். காய், கை, கரண்டி எதிலும் ஈரம் கூடாது.

பொட்டாசியம் உப்பு உங்களுக்கு வேண்டாம். டெல்மிசார்டன் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும் மருந்து. அதன் மேல் இந்த உப்பும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பின் சீரே கெடலாம். ஏற்கெனவே வீட்டுச் சமையலில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, இந்த வாரமே பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனைகளைச் செய்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.