ஸ எங்கே என்று முதலில் சொல்லுங்கள்: ஸ்கேல், மோட், ராகம் பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக வயலின் சொல்லித் தருகிறேன். சமீப காலமாக என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கீபோர்டோ கிதாரோ வாசிப்பவர்கள். மேஜர், மைனர், டோரியன் என்று மேற்கத்திய ஸ்கேல்களை (ஸ்வர வரிசைகளை) ஒரு பக்கம் படித்துவிட்டு, மேளகர்த்தா (ஏழு ஸ்வரமும் உள்ள 72 தாய் ராகங்கள்), ஜன்யம் (அவற்றிலிருந்து பிறந்தவை) என்று இன்னொரு பக்கம் குழம்பி வருகிறார்கள். அந்தக் குழப்பங்களை இன்று கேட்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவில் சொல்கிறேன்.

கீபோர்ட் பழகுபவர், திருச்சி: டீச்சர், சி மேஜரை டி-யில் தொடங்கி டி வரை வாசித்தால் டோரியன் என்கிறார்கள். அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் சி மேஜர் மாதிரியேதான் கேட்கிறது. என் காதில் குறையா?

காதில் குறை இல்லை. உங்கள் காதுக்குள் சி இன்னும் ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமான ஸ-வாக, உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். (ஸ ரி க ம ப த நி-யின் முழுப்பெயர்கள் ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம்.) தொடங்கும் இடத்தை மாற்றினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். தொடங்குவது முக்கியமில்லை, ஆதாரம் எது என்பதுதான் முக்கியம்.

போன மாதம் ஒரு பையன் இதே கேள்வியோடு வந்தான். வெள்ளைக் கட்டைகளில் டி முதல் டி வரை ஏறி இறங்கினான். சி மேஜர்தான் கேட்டது. "மறுபடி வாசி" என்று சொல்லிவிட்டு, கீழ் ஸ்தாயி டி-யை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது ஸ்வரம் வரும்போதே அவன் கை நின்றுவிட்டது. எஃப் என்ற அதே கட்டை, சற்று முன்வரை மத்யமமாக இருந்தது, இப்போது சாதாரண காந்தாரமாகிவிட்டது (காந்தார வகைகளில் ஒன்று, சுருக்கமாக க2). கட்டை மாறவில்லை, விரல் மாறவில்லை, பெயரும் குணமும் மாறிவிட்டன.

ஸ்வரங்களை மாற்றாமல் ஆதாரத்தை மட்டும் மாற்றும் இதற்கு நம் வழக்கில் கிரக பேதம் என்று பெயர். மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் நமக்குச் சங்கராபரணம். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா (டோரியன்). காந்தாரத்தை வைத்தால் தோடி (ஃபிரிஜியன்). மத்யமத்தில் கல்யாணி (லிடியன்), பஞ்சமத்தில் அரிகாம்போதி (மிக்ஸோலிடியன்), தைவதத்தில் நடபைரவி (இயோலியன், அதாவது நேச்சுரல் மைனர்). அடைப்புக்குள் இருப்பவை ஸ்வரத்தானங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ராகத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

செய்ய வேண்டியது இது: சுருதிப்பெட்டியை டி-யில் ஒலிக்க விட்டுவிட்டு வாசியுங்கள். சுருதி இல்லாமல் மோட் பழகாதீர்கள். இன்று இதைப் பலமுறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிதார் வாசிப்பவர், மதுரை: நிஷாதத்தை விட்டுவிட்டீர்களே! பி-யில் தொடங்கும் லோக்ரியனுக்கு எந்த ராகம்?

வேண்டுமென்றே விட்டேன், இதற்குத் தனியாகப் பதில் சொல்ல ஆசை.

நிஷாதத்தை ஸட்ஜமாக வைத்தால் பஞ்சமம் கிடைக்காது. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்துக்கு அரைத்தானம் (பக்கத்துக் கட்டை) கீழே பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த மத்யமமான ம2, வந்து நிற்கும். ஸ ரி1 க2 ம1 ம2 த1 நி2: இரண்டு மத்யமம், பஞ்சமமே இல்லை. (எண் அந்த ஸ்வரத்தின் வகை. எண் ஏறினால் ஸ்வரமும் உயரும்.) மேளகர்த்தாவுக்கு ஸ-வும் ப-வும் கட்டாயம் என்பதால் 72-இல் இதற்கு இடம் கிடையாது.

ஆனால் தமிழிசை இதைத் தள்ளிவைக்கவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் பாலைகள் (பழந்தமிழிசையின் ஏழு ஸ்வர வரிசைகள்) பிறக்கும் முறை வருகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ஏழு ஸ்வரங்கள். ஒவ்வொன்றையும் குரலாக, அதாவது ஸட்ஜமாக, மாற்றி வைக்க வைக்க ஒவ்வொரு பாலை பிறக்கும். செம்பாலையை அரிகாம்போதி என்று கொண்டால் (ஆய்வாளர்களிடையே வேறு கருத்தும் உண்டு) துத்தம் குரலாகப் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. கைக்கிளை குரலாகச் செவ்வழிப்பாலை. உழையில் அரும்பாலை, அது சங்கராபரணம். இளியில் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியில் விளரிப்பாலை, தோடி. தாரத்தில் மேற்செம்பாலை, கல்யாணி. நடுவில் வந்த செவ்வழிதான் நீங்கள் கேட்டது. இருமத்திமத் தோடி என்று அதைச் சொல்வார்கள்.

ஐரோப்பாவில் 1547-இல் கிளாரியன் என்ற அறிஞர் அதுவரை எட்டாக இருந்த மோடுகளைப் பன்னிரண்டாக்கி எழுதினார். அயோனியனும் (மேஜர்) இயோலியனும் மோடுகளின் வரிசையில் சேர்ந்தது அப்போதுதான். பி-யில் தொடங்குவதை அவரும் பயன்படாதென்று ஒதுக்கினார். நம்மிடம் அதற்கு ஒரு பெயரும் இடமும் முன்பே இருந்தன. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வாசிக்கும்போது ஒன்று: சுருதிப்பெட்டியில் பஞ்சமத்தை அணைத்துவிடுங்கள். ஸ மட்டும் போதும்.

பாட ஆசைப்படுபவர், சேலம்: என் குரலுக்கு எத்தனை கட்டை?

நேரில் கேட்காமல் சொல்ல முடியாது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள், பெண்கள் ஐந்து ஆறு கட்டையை ஒட்டி. சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, இப்படியே மேலே. கருப்புக் கட்டைகள் அரை. கீழ்ப் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் தொண்டை இறுகாமல் வருகிற இடம்தான் உங்கள் கட்டை.

கல்லூரி மாணவி, ஈரோடு: அக்கா, 72 மேளகர்த்தாவையும் மனப்பாடம் செய்தால்தான் இசையமைக்க முடியுமா?

வேண்டாம் கண்ணு. கட்டமைப்பு புரிந்தால் போதும். கீழ்ப் பாதியில் ரி-யும் க-வும் சேரும் வகை ஆறு. மேல் பாதியில் த-வும் நி-யும் சேரும் வகை ஆறு. ஆறாறு முப்பத்தாறு. சுத்த மத்யமத்தோடு (ம1) 36, பிரதி மத்யமத்தோடு (ம2) 36. எண் வேண்டுமானால் ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தில் கடபயாதி என்ற, எழுத்தை எண்ணாக்கும் முறையில் ஒளிந்திருக்கும். ஹரிகாம்போதியில் (அரிகாம்போதிதான்) ஹ எட்டு, ரி இரண்டு, திருப்பிப் போட்டால் 28. எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் நான்கு ராகத்தை ஆழமாகக் கேள்.

பெயர் சொல்லாதவர்: எந்த ராகம் எந்த நோயைக் குணமாக்கும்?

நான் வயலின் டீச்சர். நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள்.

கிதார் வாசிக்கும் தம்பி, கோவை: அக்கா, நேராகவே கேட்கிறேன். ஆரோகணம், அவரோகணம் தெரிந்தால் ராகம் தெரிந்த மாதிரிதானே? ராகம் என்பது ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இருக்கும் ஸ்கேல். இதை ஏன் இவ்வளவு பூடகமாக்குகிறீர்கள்?

இல்லை தம்பி. ஒரு கணக்கு தருகிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறும்போது ஸ ரி2 ம1 ப த2 ஸ. இறங்கும்போது ஸ நி3 த2 ப ம1 க3 ரி2 ஸ. இது எந்த ராகம்?

கோவை தம்பி: ஆரபி.

சரி. தேவகாந்தாரிக்கு எழுதுங்கள்.

கோவை தம்பி: பார்த்தேன். அதேதான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் தவறாக அச்சாகியிருக்கலாம் இல்லையா?

தவறு இல்லை. இரண்டும் 29-ஆவது மேளமான சங்கராபரணத்தின் ஜன்யங்கள், படிக்கட்டு ஒன்றேதான். தியாகராஜர் ஆரபியில் 'சாதிஞ்செனே' செய்தார், தேவகாந்தாரியில் 'க்ஷீரசாகர சயன' செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர் யாரும் ஒரே ராகம் என்று சொல்ல மாட்டார். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் நிற்கவே நிற்காது. காந்தாரம் மத்யமத்தை ஒட்டிக்கொண்டு வந்து, தொட்டதும் ரிஷபத்தில் இறங்கிவிடும். நடை துடிப்பானது. தேவகாந்தாரி நிதானம். அதே காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அங்கே நீட்டலாம், அசைக்கலாம், அங்கேயே நின்று இளைப்பாறலாம். வயலினில் எனக்கு இரண்டுக்கும் விரல் விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு நேரம் வைக்கிறேன், எங்கிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறேன் என்பதில்தான் ராகம் இருக்கிறது.

கோவை தம்பி: அப்படியானால் ஒரு விதிவிலக்கை வைத்து விதியை உடைக்கிறீர்கள்.

விதிவிலக்கே இல்லாத இடத்துக்கு வாருங்கள், தோடி. ஃபிரிஜியன் ஸ்கேலைக் கீபோர்டில் தட்டையாக வாசியுங்கள். தோடி தெரிந்த யாரிடமும் காட்டி என்ன ராகம் என்று கேளுங்கள். தோடி என்று சொல்லத் தயங்குவார்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். அந்த அசைவை எடுத்துவிட்டால் ஸ்வரத்தானம் மிஞ்சும், தோடி மிஞ்சாது.

நாகஸ்வரக் குடும்பத்துப் பெண், திருவாரூர்ப் பக்கம்: டீச்சர் சொல்வது சரி. எங்கள் தாத்தா ஸ்வரம் எழுதியே கொடுக்க மாட்டார். ஒரு பிடியை, அதாவது ராகத்தைக் காட்டும் சின்னத் துணுக்கை, ஊதுவார், திருப்பி ஊதச் சொல்வார். ஆரோகணம் கேட்டால் "அது பிறகு தானா வரும்" என்பார்.

அதேதான் அம்மா. பிடி, சஞ்சாரம் (ராகம் நடமாடும் விதம்), இவைதான் ராகத்தின் முகம். முகத்தை அடையாளம் தெரிந்துகொள்ள எலும்புக்கூட்டை எண்ணுவதில்லையே.

கோவை தம்பி: சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெட்டுப் போடுகிறவன் எல்லாரும் இருபது வருடம் தோடி பழக முடியுமா? ஸ்கேலை வைத்து மெட்டுப் போடுவது குற்றமா?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். குற்றமே இல்லை. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'சோ வாட்' 32 பார் (தாள அளவு) கொண்ட அமைப்பு. 16 பார் டி டோரியன், 8 பார் அரைத்தானம் மேலே இ ஃபிளாட் டோரியன், மறுபடி 8 பார் டி. இரண்டு ஸ்கேல்தான், அதிலிருந்து அவ்வளவு பெரிய இசை பிறந்தது. ஆனால் அவர் அதைக் கரகரப்பிரியா என்று சொல்லவில்லை. ஸ்கேலில் மெட்டுப் போடுங்கள், தாராளமாக. ராகத்தின் பெயரைச் சொல்கிறீர்களா, அந்த ராகத்தின் பிடிகள் குறைந்தது இரண்டு மெட்டுக்குள் இருக்க வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

பெயர் சொல்லாதவர்: டோரியனும் சி மேஜரும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறதே?

முதல் பதில். சுருதி போடுங்கள்.

தேவாலயப் பாடற்குழுவுக்கு மெட்டமைப்பவர், திருநெல்வேலி: இந்தோளத்தில் ஒரு பாட்டு செய்திருக்கிறேன். சி-யில் சுருதி. கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போட்டதும் ராகம் கெட்டுப்போகிறது. சி மைனர்தானே போட வேண்டும்?

அங்கேதான் கெடுகிறது. இந்தோளம் ஸ க2 ம1 த1 நி2. சி-யில் வைத்தால் சி, இ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட். சி மைனர் கார்டில் ஜி இருக்கிறது, அது பஞ்சமம். இந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. பாடுகிறவர் ஒதுக்கிய ஸ்வரத்தைக் கீபோர்ட் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

ராகத்துக்குள்ளேயே கிடைக்கும் முழு கார்டுகள் இரண்டு: ஏ ஃபிளாட் மேஜர், எஃப் மைனர். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மோகனத்தைக் கிரக பேதம் செய்தால் ரிஷபத்தில் மத்யமாவதி, காந்தாரத்தில் இந்தோளம், பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி வரும். உங்கள் ஐந்து ஸ்வரங்களும் ஏ ஃபிளாட்டை ஸ-வாக வைத்தால் மோகனம், எஃப்-ஐ வைத்தால் சுத்த தன்யாசி. ஏ ஃபிளாட் மேஜரை பேஸில் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரத்தில்) ஏ ஃபிளாட்டோடு இரண்டு வரிக்கு நிறுத்தினால் கேட்பவர் காது மோகனத்துக்குப் போய்விடும். எஃப் மைனரில் அப்படி நின்றால் சுத்த தன்யாசிக்கு. அதனால் மேலே எந்த கார்டு போட்டாலும் பேஸில் சி-யை விடாதீர்கள். சரணத்தில் வேண்டுமென்றே சி-யை விட்டுவிட்டு ஏ ஃபிளாட்டில் இறங்குங்கள், பாட்டு சட்டென்று வெளிச்சமாகும். திரும்பவும் சி-க்கு வாருங்கள். கிரக பேதத்தை மெட்டுக்குள் பயன்படுத்தும் வழி இதுதான்.

கல்யாணி சாயலுக்கு இதே முறை: கீழே சி, மேலே டி மேஜர். அதில் இருக்கும் எஃப் ஷார்ப்தான் பிரதி மத்யமம். தோடி சாயலுக்குக் கீழே சி, மேலே டி ஃபிளாட் மேஜர். எந்த ஸ்வரம் அந்த மோடை அடையாளம் காட்டுகிறதோ அது இருக்கும் கார்டை எடுங்கள், ஆதாரம் மட்டும் அசையக் கூடாது.

பெயர் சொல்லாதவர்: நான்கு ஸ்வரத்தில் ராகம் உண்டா?

உண்டு. பாலமுரளிகிருஷ்ணா செய்த லவங்கி ஸ ரி1 ம1 த1. அவருடைய மகதி ஸ க3 ப நி2.

இன்னொருவர்: ஒரே மாதத்தில் எல்லா மோடும் கற்க வழி?

இல்லை. ஒரு மாதத்துக்கு ஒரு மோட், சுருதியோடு.

ஒரு தாய், தஞ்சாவூர்: மகளுக்கு எட்டு வயது, கீபோர்ட் வகுப்பில் சி மேஜர் சொல்லித் தருகிறார்கள். பாட்டு வகுப்பில் மாயாமாளவகௌளை. குழந்தை குழம்புமா?

குழம்பாது அம்மா, இரண்டும் நடக்கட்டும். மாயாமாளவகௌளையைத் தொடக்கப் பாடமாக வைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அதன் அமைப்பைப் பாருங்கள்: ஸ ரி1 க3 ம1, அதே இடைவெளியில் ப த1 நி3 ஸ. கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அச்சு. சின்ன இடைவெளியும் பெரிய இடைவெளியும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் காது வித்தியாசத்தைச் சீக்கிரம் பிடிக்கும்.

கீபோர்டில் சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, சி என்று வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பதற்கு முன்னால் அவளை ஸ பாடச் சொல்லுங்கள். பாடிய பிறகு கட்டையை அழுத்தட்டும்.

கோவை தம்பி: அக்கா, இப்போதுதான் இரண்டு கீர்த்தனையையும் கேட்டுவிட்டு வந்தேன். தேவகாந்தாரியை எங்கிருந்து தொடங்கிப் பழகுவது?

கிதாரைக் கீழே வையுங்கள். சுருதி போட்டு ம க ரி மட்டும் பாடுங்கள், முதலில் ஆரபி மாதிரி வேகமாக, அப்புறம் காந்தாரத்தில் நின்று. அடுத்த வாரம் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்கிறேன்.